வேரில் துளை விழுந்தால்: ரூட் கனால் நடுவிலேயே அடைக்கும் முறை

ரூட் கனால் சிகிச்சையில் கீழ்க் கடைவாய்ப்பல்லின் வேர்க்கால்வாயைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். காய்ந்திருந்த கூழறையின் (பல்லின் நடுவே நரம்பும் இரத்தக்குழாயும் இருக்கும் குழி) தளத்தில் திடீரென்று சிவந்த இரத்தம் ஊறி நிற்கிறது. விறைப்பூசி நன்றாகப் பிடித்திருந்தும் நோயாளி துடிக்கிறார். இவை இரண்டும் சேர்ந்து வந்தால் பர்ரை (துளைக்கும் முனையை) உடனே வெளியே எடுங்கள். இன்னும் அரை மில்லிமீற்றர் போய்ப் பார்ப்போம் என்ற எண்ணம்தான் 1 மி.மீ. துளையை 3 மி.மீ. ஆக்குகிறது.

பல் நிற்குமா போகுமா என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: துளையின் அளவு, அது விழுந்த இடம், அது திறந்து கிடந்த நேரம். முதல் இரண்டும் பர் ஓடிய நொடியிலேயே முடிந்துபோனவை. நேரம் மட்டும் இன்னும் வைத்தியரின் கையில் இருக்கிறது. நோயாளி கதிரையை விட்டு எழும்புவதற்கு முன்பே துளையை அடைத்துவிட வேண்டும் என்று நாங்கள் வற்புறுத்துவது அதனால்தான். திருகோணமலையில் இது இன்னும் முக்கியம். புல்மோட்டையிலிருந்தோ வெருகலிலிருந்தோ வந்தவரை அடுத்த கிழமை வரச்சொன்னால், தொழிலும் பஸ்ஸும் மழையும் இடம் கொடுத்தால்தான் வருவார். பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவதென்றாலும் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, கண்டி என்று ஒரு நாள் கழியும். அங்கே திகதி கிடைப்பது வேறு கதை. அதற்குள் எச்சிலும் கிருமியும் எலும்புக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

துளைதானா என்று பார்ப்பது

இரத்தம் வந்ததெல்லாம் துளையல்ல. முழுதாக எடுபடாத கூழ்த்திசுவும் இரத்தம் கக்கும். ஆகவே முதலில் சேலைனால் கழுவி, பஞ்சால் ஒற்றியெடுத்துவிட்டு, 10 இலக்க கே-பைலை (கால்வாயைத் துருவும் மெல்லிய அரம்) ஏபெக்ஸ் லொக்கேட்டரோடு (வேர்நுனியைக் காட்டும் மின்கருவி) இணைத்து சந்தேகமான இடத்தில் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். 20 மி.மீ. நீளமாக இருக்கவேண்டிய கால்வாயில் 9 மி.மீ.யிலேயே கருவியின் முள் வேர்நுனிக் குறிக்கு ஓடினால், பைல் பற்சுற்றுத் திசுவைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். கூழறை ஈரமாக இருந்தாலோ பைல் உலோகக் கிரவுனில் பட்டாலோ கருவி பொய் சொல்லும். இரண்டையும் விலக்கிவிட்டு இரண்டாம் முறையும் அளந்து பாருங்கள்.

கால்வாய்க்குள் துளை என்றால் பேப்பர் பொயின்ட் (ஈரம் உறிஞ்சும் மெல்லிய காகிதக் குச்சி) உதவும். இரத்தம் நுனியில் மட்டும் பட்டிருந்தால் வேர்நுனிப் பக்கம். தண்டின் ஒரு பக்கத்தில் கோடாகப் பட்டிருந்தால் நடுவேரில் சுவர் கிழிந்திருக்கிறது. கோடு எத்தனையாவது மில்லிமீற்றரில் தொடங்குகிறது என்று அளந்து கார்டில் எழுதிவையுங்கள். அடைக்கும்போது அந்த எண் தேவைப்படும்.

பைல் உள்ளே இருக்கும்போதே எக்ஸ்றே எடுங்கள்: ஒன்று நேராக, இன்னொன்று குழாயை முன்பக்கமாக 20 பாகை சரித்து. கன்னப் பக்கமோ நாக்குப் பக்கமோ விழுந்த துளை நேர்ப் படத்தில் வேரின் நிழலுக்குள் மறைந்துவிடும். அப்படிப்பட்ட இடத்தில் படத்தைவிட ஏபெக்ஸ் லொக்கேட்டரை நம்பலாம். சிபிசிடி (முப்பரிமாண எக்ஸ்றே) படம் பழைய துளைகளுக்கு மிகவும் பயன்படும். புதிய துளைக்கு அதை எடுக்கவென்று ஒரு நாள் காத்திருப்பது நட்டம்.

செய்யக்கூடாதவை

துளை என்று தெரிந்த நொடியிலிருந்து, கால்வாய் கழுவும் ஹைப்போகுளோரைட் ஊசியை ஒதுக்கிவையுங்கள். 5 வீதக் கரைசல் துளை வழியாக எலும்புக்குள் போனால் கடும் வலி, நிமிடங்களில் வீக்கம், அடுத்த நாள் முகத்தில் கருநீலம். அது ஏற்கெனவே போய்விட்டிருந்தால் நிறையச் சேலைனால் கழுவி, முதல் நாள் குளிர் ஒத்தடமும் வலிமாத்திரையும் கொடுங்கள். வீக்கம் கழுத்துக்கோ கண்ணுக்கோ பரவினாலும், விழுங்க மூச்செடுக்கக் கஷ்டம் என்றாலும் தாமதமின்றிப் பொது வைத்தியசாலைக்கு அனுப்பவேண்டும். துளை அடைபடும்வரை கழுவுவதற்குச் சேலைன் போதும். குளோரெக்சிடின் பாவிப்பவர்கள் முன்பு போட்ட ஹைப்போகுளோரைட்டை முதலில் சேலைனால் அகற்றிவிட வேண்டும். இரண்டும் சந்தித்தால் கபில நிறப் படிவு உண்டாகி ஒட்டிக்கொள்ளும்.

காற்றுக் குழலால் ஊதி உலர்த்தவும் வேண்டாம். திறந்த துளை வழியாகக் காற்று திசுவுக்குள் ஏறி முகம் உப்பிவிடும். ஐதரசன் பெரொட்சைட்டும் இதே ஆபத்தைத் தரும். உலர்த்துவதற்கு பஞ்சு, பேப்பர் பொயின்ட், மெல்லிய உறிஞ்சுகுழல் மட்டும்.

இரத்தத்தை நிறுத்துவது

அடைப்பு பிழையாகிப்போகும் இடங்களில் பாதிக்கு மேல் இங்கேதான் இருக்கிறது என்பது எங்கள் எண்ணம். இரத்தத்தின் மேல் வைத்த எம்டிஏ (துளையை அடைக்கும் கல்சியம் சிலிக்கேட் சிமெந்து) ஓரங்களில் ஒட்டாது, வலுவும் குறையும். அட்ரினலின் கலந்த விறைப்பூசியை மீண்டும் ஒரு முறை போடுங்கள். சேலைனில் நனைத்துப் பிழிந்த சிறு பஞ்சுருண்டையைத் துளையின் மேல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து 5 நிமிடம் அழுத்துங்கள். இடையில் தூக்கிப் பார்க்கக்கூடாது. தூக்கும்போதெல்லாம் உறைந்தது பிய்ந்து மறுபடி ஊறும். நிற்காவிட்டால் கல்சியம் ஐதரொட்சைட் பொடியைத் தண்ணீரில் குழைத்து வைத்து இன்னொரு 5 முதல் 10 நிமிடம் விடுங்கள். பிறகு சேலைனால் மெல்லக் கழுவி எடுங்கள்.

பெரிக் சல்பேட் இரத்தத்தை உடனே நிறுத்தும் என்பது உண்மை. ஆனால் அது விட்டுப்போகும் கறுத்த உறைவு கிருமிக்கு இரையாகும், அடைப்புக்கும் சுவருக்கும் நடுவே நிற்கும். வேண்டாம்.

அரை மணித்தியாலம் போராடியும் நிற்கவில்லை என்றால் மட்டும் கல்சியம் ஐதரொட்சைட் வைத்து, இறுக்கமாகத் தற்காலிக அடைப்புப் போட்டு, சில நாளில் வரச்சொல்லலாம். ஒத்திப்போட நாங்கள் ஏற்கும் காரணங்களில் இது ஒன்று. மற்றது, முன்பே விழுந்து சீழ் பிடித்த பழைய துளை. அதில் ஓரத்தை அல்ட்ராசொனிக் நுனியாலோ மெதுவாகச் சுழலும் உருண்டை பர்ராலோ புதுப்பித்து, உள்ளே வளர்ந்த சதையை எடுத்து, கல்சியம் ஐதரொட்சைட்டை ஓரிரு கிழமை விட்டுப் பிறகே அடைக்கவேண்டும். சீழின் அமிலத்தன்மையில் எம்டிஏ ஒழுங்காக இறுகாது.

எதைக்கொண்டு அடைப்பது

ஒரு காலத்தில் அமல்கம், கேவிற் (தற்காலிக அடைப்பு மருந்து) என்று கையில் கிடைத்ததை வைத்தார்கள், பெரும்பாலானவை கசிந்தன. லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபினெஜாத்தின் குழு எம்டிஏயைப் பற்றிய முதல் ஆய்வை 1993இல் வெளியிட்ட பின்பே நிலைமை மாறியது. அந்த முதல் ஆய்வே வேரின் பக்கத்துளையை அடைப்பது பற்றியதுதான். ஈரத்தில் இறுகும், அதன் மேல் திசு வளரும் என்ற இரண்டு குணங்களுக்காகத்தான் இன்றும் கல்சியம் சிலிக்கேட் வகைகளையே பாவிக்கிறோம்.

எம்டிஏ: பொடி மூன்று பங்கு, கிருமி நீக்கிய தண்ணீர் ஒரு பங்கு. கண்ணாடித் தட்டில் குழைத்தால் அலை வடிந்த நிலாவெளி மணல்போல இருக்கவேண்டும். பளபளத்து ஒழுகினால் தண்ணீர் கூடிவிட்டது. காய்ந்த பஞ்சால் ஒற்றுங்கள். உதிர்ந்தால் குறைவு, ஒரு துளி விடுங்கள். வேலை செய்ய ஏறத்தாழ 5 நிமிடம்தான் கிடைக்கும். புரோரூட் வகை இறுக இரண்டே முக்கால் மணித்தியாலம் எடுக்கும், அதுவரை மேலே ஈரப்பஞ்சு வேண்டும். முன்பல்லில் வைக்காதீர்கள். அதிலுள்ள பிஸ்மத் ஒட்சைட் பல்லைக் கறுப்பாக்கும், ஹைப்போகுளோரைட் பட்டால் இன்னும் மோசம்.

பயோடென்டீன்: 700 மில்லிகிராம் கப்சியூலுக்கு 5 துளி திரவம், நிமிடத்துக்கு 4000க்கு மேல் சுழலும் கலக்கியில் 30 செக்கன். ஏறத்தாழ 12 நிமிடத்தில் இறுகும். ஒரே அமர்வில் முடிக்க இது நல்லது, பல்லும் கறுக்காது. எக்ஸ்றேயில் டென்டீனோடு கலந்து மங்கலாகத் தெரிவது இதன் குறை. கரண்ட் போனால் கலக்கியும் நிற்கும் என்பதையும் மனதில் வைத்திருங்கள்.

குழைத்தே வரும் பயோசெரமிக் புட்டி கையாள எல்லாவற்றிலும் சுலபம். ஆனால் அது இறுகுவது திசுவிலும் டென்டீனிலும் உள்ள ஈரத்தால். எலும்பாகக் காயவைத்த குழிக்குள் வைத்தால் நாள்கணக்கில் களியாகவே நிற்கும். சில வகை 20 நிமிடத்தில் இறுகும், சில 4 மணித்தியாலம் கேட்கும். பெட்டியில் எழுதியிருப்பதை வாசிக்காமல் மேலே கொம்போசிட் (பல்நிற அடைப்பு) போடவேண்டாம்.

கடற்கரை ஊரில் பொடியைப் பாதுகாப்பது தனி வேலை. 1 கிராம் பக்கெட்டை ஒரே முறையில் யாரும் முடிப்பதில்லை. மிச்சத்தை மடித்துக் கிளிப் போட்டால் மாரிகால ஈரக்காற்றில் சில நாளிலேயே பொடி திரளத் தொடங்கும். திறந்தவுடனேயே மூடி இறுகும் சிறு குப்பிகளில் பிரித்து, சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். விரலால் உருட்டும்போது பருக்கை தட்டுப்பட்டால் வீசிவிடுங்கள். இதற்கு நேர்மாறாக, குளிரூட்டி ஓடும் அறையில் குழைத்த எம்டிஏ தட்டிலேயே காய்ந்துபோகும். அதை ஈரத் துணித்துண்டால் மூடிவைத்து எடுக்கவேண்டும்.

வேர்க்கவட்டுத் துளை

அடிக்கடி வருவது, வேர்கள் பிரியும் கவட்டில் விழும் இந்தத் துளைதான். ரபர் டாம் (எச்சில் படாமல் பல்லைச் சூழும் ரப்பர் விரிப்பு) போட்டிருக்கவேண்டும். போடாமல் அடைக்கத் தொடங்குவதில் பொருளில்லை.

முதலில் கால்வாய் வாய்களைக் காப்பாற்றுங்கள். கண்டுபிடித்த ஒவ்வொரு வாயிலும் ஒரு கட்டாபேர்ச்சாக் (கால்வாய் நிரப்பும் ரப்பர்போன்ற பொருள்) குச்சியை, பிடித்து இழுக்க நுனி வெளியே நிற்கும்படி செருகுங்கள். டெஃப்ளோன் நாடாவைச் சுருட்டி அடைத்தாலும் சரி. இதை மறந்தால் எம்டிஏ கால்வாய்க்குள் இறங்கி இறுகிவிடும். துளை அடைபட்டும் பல் சிகிச்சைக்கு எட்டாமல் போகும். வாய்கள் இன்னும் அகப்படவில்லை என்றால் இப்போது தேடவேண்டாம். புட்டியைத் துளைக்கு மட்டும் அளவாக வைத்து அடைத்துவிட்டு, அடுத்த முறை லூப்ஸ் (உருப்பெருக்கும் கண்ணாடி) அல்லது மைக்ரோஸ்கோப்போடு தேடலாம்.

இரத்தம் நின்றதும் துளையின் அளவைப் பாருங்கள். 1 மி.மீ. அளவென்றால் நேராக அடைக்கலாம். 2 மி.மீ.க்கு மேல் என்றால் அழுத்தும் மருந்து எலும்புக்குள் வழுகும், ஆகவே ஒரு அடித்தாங்கி வேண்டும். கொலாஜன் துண்டைத் துளையைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, பிளக்கரால் (அழுத்தும் கருவி) துளைக்கு வெளியே, எலும்பு இருந்த இடத்தில் பதியுங்கள். வேரின் சுவர் மட்டத்தோடு அது நிற்கவேண்டும். துளைக்குள்ளேயே கொலாஜன் தங்கினால் பின்னாளில் கரைந்து அந்த இடம் வெற்றாகும்.

மருந்தைச் சிறிய கெரியரால், ஒரு முறைக்கு 1 மி.மீ. தடிப்புக்கு மேல் போகாமல் வையுங்கள். அழுத்தும் பிளக்கர் துளையைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். சிறியதென்றால் அதுவே துளைக்குள் போய் மருந்தைத் தள்ளிவிடும். விரல் பலத்தால் குத்தாமல், ஈரப்பஞ்சுருண்டையால் தட்டித் தட்டி அமர்த்துங்கள். கூழறைத் தளத்தின் தடிப்பான 2 முதல் 3 மி.மீ. வரை நிரப்பி, ஓரத்தில் சுற்றிவர ஏறத்தாழ 1 மி.மீ. மேலேறவும் விடுங்கள். எக்ஸ்றே எடுங்கள். கொஞ்சம் வெளியே போயிருந்தால் உடல் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். கட்டியாகப் போயிருந்தால் இறுகுவதற்குமுன் கழுவி எடுத்துத் திரும்ப வைப்பதுதான் வழி.

குச்சிகளை மெல்ல இழுத்தெடுத்து வாய்களைத் துடைத்துவிடுங்கள். எம்டிஏ என்றால் ஈரப்பஞ்சு, அதன்மேல் இறுக்கமான தற்காலிக அடைப்பு, ஒரு நாளாவது கழிந்தபின் அடுத்த அமர்வு. பயோடென்டீன் என்றால் 12 நிமிடம் காத்திருந்து, மேலே கிளாஸ் அயனோமர் ஒரு படை போட்டு, நேரம் இருந்தால் அன்றே கால்வாய் வேலையைத் தொடரலாம்.

மற்ற இடங்கள்

கீழ்க் கடைவாய்ப்பல்லின் முன்வேரில், கவட்டைப் பார்த்த சுவர் மிக மெல்லியது. பெரும்பாலும் 1 மி.மீ. அளவுதான். கேட்ஸ் கிளிடன் துளைப்பானையோ தடித்த பைலையோ அந்தப் பக்கம் சாய்த்து ஓட்டினால் சுவர் நீளவாக்கில் கிழியும். இதை அடைப்பது கவட்டுத் துளையைவிடக் கடினம், காரணம் கண்ணுக்கு நேராகத் தெரியாது. கிழிசலுக்குக் கீழே உள்ள கால்வாயை, நுனியை வளைத்த சிறு பைல்களால் கிழிசலுக்கு எதிர்ச்சுவரைத் தழுவிக்கொண்டே சுத்தமாக்குங்கள். கட்டாபேர்ச்சாவைக் கிழிசலின் கீழ் எல்லைவரை மட்டும் நிரப்பி வெட்டுங்கள். அதன்மேல் கால்வாய் முழுவதையும், வாய்வரை, எம்டிஏயாலோ புட்டியாலோ நிரப்பிவிடுங்கள். கிழிசலுக்கு மட்டும் மருந்து தடவும் முயற்சி இங்கே சரிவராது. இறுதியில் ஒரு பிளக்கரைத் தொடவைத்து அதன்மேல் அல்ட்ராசொனிக்கை ஓரிரு செக்கன் இயக்கினால் காற்றுக்குமிழ் எழும்பிவிடும்.

வேர்நுனியில், வளைந்த கால்வாயை விறைப்பான பைல் நேராக்கித் துளைத்திருந்தால் பழைய வழியைத் தேடிப்பாருங்கள். அகப்படாவிட்டால் துளையையே நுனியாகக் கொண்டு, 3 முதல் 5 மி.மீ. எம்டிஏ அடைத்து, மேலே கட்டாபேர்ச்சா போடலாம். இடங்களுள் இதுவே பெரும்பாலும் நன்றாக முடிவது.

எலும்பு விளிம்பின் மட்டத்தில் விழுந்த துளைதான் மிகவும் பொல்லாதது. முரசுப் (ஈறு) பையோடு இணைந்தால் வாய்க்கிருமி ஓயாமல் வரும், எம்டிஏயும் எச்சிலில் கரைந்து வழியும். முரசுக்கு மேலே தெரிகிற துளைக்கு கிளாஸ் அயனோமரோ கொம்போசிட்டோதான் பொருத்தம். விளிம்பிலேயே இருந்தால் முரசைத் திறந்து வெளியிலிருந்து அடைப்பதா, ஒற்றை வேர்ப்பல்லை பல் நகர்த்தும் கம்பி (ஓர்தோ) முறையில் மேலே இழுத்துத் துளையை முரசுக்கு வெளியே கொண்டுவருவதா என்று நிபுணரோடு பேசுங்கள்.

அடைத்தபின்

அடுத்த அமர்வில் முதலில் ஊசிமுனையால் தொட்டுப் பாருங்கள். சுண்ணாம்புபோலக் குழைந்தால் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். இறுகியிருந்தால் ஹைப்போகுளோரைட்டை 1 வீத அளவில், ஊசியை வாயில் சிக்கவிடாமல் பாவிக்கலாம். கால்வாய் கழுவும் ஈடிடிஏ திரவம் எம்டிஏயை அரிக்கும். தேவையான கால்வாய்க்குள் மட்டும் துளி துளியாக. கொம்போசிட்டுக்கான அமில ஜெல்லும் அப்படித்தான், ஆகவே இடையில் கிளாஸ் அயனோமர் படை கட்டாயம். கடைவாய்ப்பல்லை கிரவுனால் மூடாமல் விட்டால் துளைக்காகப் பட்ட பாடெல்லாம் ஒரு கசிவில் போகும்.

நோயாளியிடம் மறைக்கக்கூடாது. அன்றே, எளிய பேச்சில் சொன்னால் போதும்: "அம்மா, பல்லின்ர அடியில சின்னத் துளை ஒண்டு விழுந்திட்டுது. இப்பவே மருந்து வச்சு அடைச்சிருக்கிறன். பல்லைக் காப்பாத்தலாம் எண்டுதான் நினைக்கிறன், ஆனா ஒரு வருசத்துக்கு நீங்க வந்து காட்டவேணும்." கார்டில் இடம், மட்டம், அளவு, அடைத்த நேரம், மருந்தின் பெயர் எல்லாம் இருக்கட்டும். எக்ஸ்றேயின் பிரதியையும் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அடுத்து பார்க்கப்போகிறவர் வேறு ஊர் வைத்தியராக இருக்கலாம்.

எங்கே விழுகிறது

பல்மேட்டு நுனியிலிருந்து கூழறைக் கூரைக்கு ஏறத்தாழ 6 மி.மீ., தளத்திலிருந்து கவட்டுக்கு ஏறத்தாழ 3 மி.மீ. என்ற கணக்கைப் படித்திருப்போம். நம் பகுதியில் வெற்றிலை போடும் முதியவர்களிடம் இந்தக் கணக்கு ஏமாற்றும். பாக்கைக் கடித்துக் கடித்து மேடு தேய்ந்துபோய், அளவின் தொடக்கப்புள்ளியே இல்லை. தேய்வுக்குப் பதிலாக உள்ளே டென்டீன் படிந்து கூழறை வெறும் கீற்றாகச் சுருங்கியிருக்கும். கூரை எது, தளம் எது என்று பர்ருக்குத் தெரியாது, பொத்தென்று விழும் உணர்வும் வராது. இப்படிப்பட்ட பல்லில் எனாமலும் சிமெந்தும் சந்திக்கும் கழுத்துக்கோட்டிலிருந்து அளவெடுங்கள். பற்களைக் கடித்தபடி எடுக்கும் பைட்விங் எக்ஸ்றேயில் அந்த ஆழத்தை அளந்து பர்ரில் குறியிட்டபின் தொடங்குங்கள். தளம் சுவரைவிடக் கருமையாக இருக்கும். அந்த நிறமாற்றம் தெரிந்ததும் பர்ரை விட்டு அல்ட்ராசொனிக்குக்கு மாறுங்கள்.

சாய்ந்த பல்லிலும் கிரவுன் போட்ட பல்லிலும் ரபர் டாமை முதலில் போட்டால் வேரின் சாய்வு மறைந்துவிடும். கூழறையைத் திறந்தபின் போடலாம். மேல் முதல் முன்கடைவாய்ப்பல்லின் முன்பக்கக் குழிவும், கீழ் முன்பற்களின் உதட்டுப் பக்கமும் அடிக்கடி துளைபடும் இடங்கள்.

திரும்பிப் பார்ப்பது

6 மாதத்தில் ஒரு படம், ஒரு வருடத்தில் ஒரு படம், பிறகு வருடத்துக்கு ஒருமுறை 4 வருடம்வரை. முரசுப் பையை அளக்கும் கோலை முதல் மாதங்களில் துளையின் அருகே ஆழமாகச் செருகவேண்டாம். புதிதாக ஒட்டும் திசுவைக் கிழிக்கும். பிறகு அளக்கும்போது மற்ற இடமெல்லாம் 3 மி.மீ. இருக்க, துளைக்கு நேரே மட்டும் ஒடுக்கமாக 7, 8 மி.மீ. இறங்கினால் அடைப்பு கசிகிறது. படத்தில் கறுப்பு பெருகாமல் நோவும் இல்லாமல் இருந்தால் இன்னும் 6 மாதம் பார்க்கலாம். பெருகினால் வெளியிலிருந்து அறுவைமுறையில் அடைப்பது, கடைவாய்ப்பல்லில் கெட்ட வேரை மட்டும் வெட்டியெடுப்பது, பல்லைப் பிடுங்கி வெளியே அடைத்துத் திரும்ப நடுவது என்ற வழிகள் உண்டு. கவட்டு எலும்பு முழுதும் கரைந்து பல் ஆடத் தொடங்கியிருந்தால் இவற்றில் எதற்கும் பணம் செலவழிக்க வைக்காமல் பிடுங்கிவிடுங்கள்.